மூணாம் நம்பர் கூண்டு

துறைமுகத்தில் மூணாம் நம்பர் கூண்டு ஏற்றிய அன்று
சில்வர் பீச்சில் பலூன் நிற்கவில்லை.
பலகையில் கட்டக் கட்ட
ஒன்றையொன்று உரசி
குண்டு படாமலே வெடித்தன.
பத்து ரூபாய்க்கு மூணு குண்டு என்று கூவ
எதிரில் ஒரு நாய்கூட இல்லை.
தை பிறந்து இத்தனை நாளாகியும் என்ன புயலோ.
துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு
ஆலப்பாக்கம் பஸ் ஏறினேன்.

செண்பகவல்லிக்கு ஒன்றரைக் காணி, குத்தகை.
மெஷின் அறுத்துப் போன தாளுக்குள்
உளுந்து ரெண்டிலை விட்டிருந்தது.
பாதியில் நின்றுபோன ஆலையின்
எண்ணெய் காணாத தொட்டிகளிலிருந்து
மாடப்புறாக்கள்,
காலையில் ஒரு பந்தி, சாயங்காலம் ஒரு பந்தி.
"தகரம் தட்டினேன், கேசட் நாடா கட்டினேன்,
என் சேலை கட்டின பொம்மை தலையிலயே உட்காருதுங்க.
இனிமே நீதான்."
கூலி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பார்வை வைக்க வளர்த்த புறா கிடையாது.
செருப்பு இருந்தது.
தேய்ந்த ரப்பர் செருப்புகளைப் புறா வெட்டாய் வெட்டி
சாம்பல் பெயிண்ட் அடித்து
கழுத்துக்கு மட்டும்
அவள் மகளின் பச்சை நகப்பூச்சு.
சைக்கிள் கம்பியில் குத்தி நட்டேன், பதினாலு.

மூக்கு காற்றைப் பார்க்க வேண்டும்.
வாலைக் காற்றுக்குக் கொடுத்து எந்தப் புறாவும் மேயாது.
ஒன்றே ஒன்று திரும்பி நின்றாலும்
மேலே வட்டம் போடுகிறவற்றுக்குத் தெரிந்துவிடும்.
நடுவில் கொஞ்சம் இடம் விட வேண்டும்,
வருகிறவர்கள் உட்கார.

வாடைக்கு முதுகு கொடுத்து
கருவேல முள்ளுக்குள்
கிழிந்த மீன்வலை போர்த்தி உட்கார்ந்தேன்.
கூண்டு ஏற்றினால் படகு போகாது.
புறாவுக்கு யார் போய்ச் சொல்வது?

வந்தன.
எதிர்க்காற்றில் தலையளவு உயரத்தில்
நீந்துவதுபோல் வந்து
நான் விட்ட இடத்தில் காலை நீட்டின.

இந்தத் துப்பாக்கியின் குறிமுனை
ஒரு நெல்லளவு இடப்பக்கம் வளைந்தது.
வளைத்தவன் நான்.
காசு கொடுத்தவன் தப்ப விட்டால்தான் என் வீட்டில் உலை.
தன் கண்ணைத் தானே திட்டிக்கொண்டு போவான், பாவம்.
நெல்லளவு வலத்தில் பிடித்தால் எனக்குச் சரி.
காற்றுக்கு எவ்வளவு என்பதுதான் தெரியாது.
முதல் குண்டு என் செருப்பையே துளைத்தது.

ரெண்டாவது விழுந்தது.

பலூன் வெடித்தால்
ஒரு ரப்பர் துணுக்கு, யாரோ ஒருவரின் சிரிப்பு,
அவ்வளவுதான்.
இது விழுந்த பிறகும் அங்கேயே இருந்தது.
தாடைக்கு ஒரு குச்சி முட்டுக் கொடுத்து
செருப்புகளோடு செருப்பாய் நிறுத்தினேன்.
செருப்பைவிட அது நல்ல பார்வை.
அதற்கு இறகு அசைந்தது.

அப்புறம் எண்ணவில்லை.
எண்ணினேன். ஒன்பது.

மங்கிய வெளிச்சத்தில் கம்பிகளைப் பிடுங்கினேன்.
ஓட்டை விழுந்ததையும் சேர்த்துப் பதினாலு,
குச்சியில் நின்ற செத்ததும் சாக்குக்குள்.
இன்னும் ஒன்று நின்றது.
மூக்கு சரியாக வாடையைப் பார்த்து,
கண் இமைக்காமல்.
குனிந்து எடுத்தேன்.

சூடாக இருந்தது.

காலில் வளையம். எழுத்தும் எண்ணும்.
எந்த ஊர் மாடிக்குத் திரும்ப வேண்டிய
பந்தயப் புறாவோ,
காற்று மென்று இங்கே துப்பியிருக்கிறது.
எந்நேரம் வந்து உட்கார்ந்தது?
எத்தனை முறை என் குறி
செருப்பென்று இதைத் தாண்டிப் போனது?
செருப்பை உறவென்று நம்பி
பக்கத்தில் ஒண்டியிருந்தது.
என் கையிலும் ஒண்டியது.
அதுதான் தாங்கவில்லை.

வரப்பிலிருந்து செண்பகவல்லி கத்தினாள்:
"எத்தனை?"
மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது.
செருப்பைக் கேட்கிறாளா, புறாவைக் கேட்கிறாளா?

கைக்குள்
சின்னதாய், வேகமாய்
அது இன்னும் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தது.